பெண்ணுக்கு விட்ட மரம்

காற்று அடித்தது மொத்தம் மூன்று நிமிஷம். பத்து நிமிஷம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டவர்கள், அங்கே நேரம் நீளமாகத்தான் தெரியும். மேல்கொட்டாயில் இருப்பதே முப்பது வீடுகள். அதில் ஏழு வீட்டின் தகரமும் ஓடும் பறந்தன. ஓர் ஆட்டுப்பட்டி சாய்ந்தது. ஒரு கரண்டு கம்பம் வளைந்தது. மனுஷர் மேல் ஒரு கீறல் இல்லை, ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை. அப்புறம் ஒரு புளியமரம். ஜவ்வாது மலையில் புளியமரத்துக்கா பஞ்சம்? அதைப் போய் யார் பெரிதாகப் பேசப் போகிறார்கள்?

தீர்த்தகிரியிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டாலும் அந்த மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய நோவே அதுதான்.

சித்திரை முடிய நாலு நாள் இருந்தது. ராத்திரி ஓர் இலை அசையவில்லை. மனைவி அம்மாக்கண்ணு போன ஐப்பசியில் செத்துப்போனதிலிருந்து அந்த வீட்டில் தீர்த்தகிரி ஒருத்தர்தான். புழுக்கத்தில் ஒரு மணிவரை புரண்டுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். அடிவாரத்தில் அமிர்திப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பஸ் முதல் கியரில் முக்கி முக்கி மேடேறுகிற சத்தம் கேட்டது. இந்த நேரத்துக்கு எந்த பஸ் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தலைக்கு மேலே தகரம் எழும்பி எழும்பி விழுந்தது. அடுக்குப் பானைகள் சரிந்தன. பரணில் கவிழ்த்து வைத்திருந்த காலி உப்புச் சாடி உருண்டு விழுந்து, உடையாமல், அவர் காலில் வந்து இடித்து நின்றது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அந்த அடைப்பையும் மீறிக் கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கிளை முறிகிற சத்தம் அவருக்குத் தெரியும். இது மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம்.

"ஐயோ" என்றார்.

வெளியே வந்தபோது காற்று போய்விட்டிருந்தது. வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரிந்தது, ஒன்றுமே நடக்காதது மாதிரி. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரியின் செத்துப்போன தம்பியின் மனைவி அவள். காற்று எழும்பியதுமே உலக்கையைத் தூக்கி வாசலில் போட்டிருந்தாள். உலக்கை விழுந்தால் காற்று அடங்கும் என்று அந்த ஊரில் நம்பிக்கை. அடங்கியதும் வாஸ்தவம்தான், அதற்குள் அவள் வீட்டு ஓடு கால்வாசி போயிருந்தது.

அவள் மகன் கோகுல்ராஜ் செல்போன் வெளிச்சத்தை நாலு பக்கமும் அடித்தான். "பெரிப்பா! உனுக்கு ஒன்னும் ஆவலியே? தோ, வானத்துலேர்ந்து தும்பிக்க மாதிரி எறங்கிச்சு பெரிப்பா, மின்னல்ல பாத்தேன். இதுக்குப் பேரு டொர்னடோ. அமெரிக்காவுல வருமே, அது. இது சின்னது."

"பேய்க்காத்துடா. பேரு வெக்கிறான் பேரு" என்றாள் சுந்தரம்மாள்.

தீர்த்தகிரி வீட்டுக் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இருட்டில், செருப்பில்லாமல், கொல்லையைத் தாண்டி, அவரைக்கொடி போட்ட நிலத்துப் பக்கம் நடந்தார். கோகுல்ராஜ் வெளிச்சத்தோடு பின்னால் ஓடினான். மரம் விழுந்து கிடந்தது. வேர்ப்பக்கம் ஆளுயரத்துக்கு மண்ணோடு நிமிர்ந்து நின்றது. தலைப்பக்கம் வேலியைத் தாண்டி, ஊர் பொதுவழியின் மேல் கிடந்தது. சுற்றிலும் நின்ற மற்ற ஐந்து புளியமரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மரத்தில் காக்காய்க் கூடுகூட அப்படியே இருந்தது.

"வுடு பெரிப்பா. மரந்தானே போச்சு. வூடு நின்னுச்சே, அத்த நெனச்சுக்க."

"மரந்தானேவா? போடா அந்தாண்ட!"

பெரியப்பா அப்படிச் சீறிக் கோகுல்ராஜ் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம்தான் அவனுக்கும் உறைத்தது. விழுந்தது அருணாவின் மரம்.

மேல்கொட்டாயில் ஒரு வழக்கம் உண்டு. பெண் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று, அப்பன்காரன் தன் நிலத்தில் நிற்கிற புளியமரங்களில் ஒன்றை அவளுக்கென்று விடுவான். மரத்தடியில் ஒரு கல்லை நடுவான். பத்திரம் அவ்வளவுதான். நிலம் மகன்களுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் பங்காளிக்குப் போகும், மரம் அவளுக்கு. எந்த ஊரில் கட்டிக் கொடுத்தாலும் மாசி மாதம் புளி உலுக்க அவள் வருவாள். அவள் வந்து நிற்கிற நாளில் அந்த மரத்து நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை அவள் இடம். அங்கே அடுப்பு மூட்டலாம், சோறு தின்னலாம், முந்தானையை விரித்துப் படுக்கலாம், ஒருத்தரையும் கேட்க வேண்டியதில்லை. கூடப் பிறந்தவனோடு வெட்டுக்குத்தே நடந்திருந்தாலும், நிழலுக்குள் நிற்கிறவளைப் பார்த்து ஏன் வந்தாய் என்று ஒருவன் வாய் திறக்க முடியாது. மரம் சாய்ந்தால் கட்டையும் அவளுக்குத்தான். அவள் வந்து முதல் வெட்டு வைக்காமல் அதில் யாரும் கத்தி போடக் கூடாது.

தீர்த்தகிரிக்கு ஒரே பெண். அருணா மலையிறங்கிப் போய்ச் செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது வருஷம் கணியம்பாடிக்காரன் வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். வெற்றிவேல் தங்கமான பையன், சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவன், குடி கிடையாது. மலைக்காரன் இல்லை என்பது ஒன்றுதான். ஊர் கூடிப் பேசியது. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி காரியத்தைச் சுமுகமாக முடிக்கத்தான் பார்த்தார். "காலம் மாறிப்போச்சு தீர்த்தகிரி. சாமிக்கு ஒரு கெடா வெட்டிட்டு, புள்ளைங்கள உள்ள கூப்டுக்க" என்றார். ஊரே தலையாட்டியது.

ஊர் மன்னித்தது, அப்பன் மன்னிக்கவில்லை. எழுந்து நேராக ஓடைக்குப் போனார். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். "எனுக்கு இருந்த ஒரு பொண்ணும் செத்துப்போச்சு. தலமுழுகிட்டேன்" என்றார். அருணா பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

கோபால்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "முழுகுனா முழுகிக்க. உன் வூட்டு வாசப்படியில யார ஏத்துறதுன்றது உன் இஷ்டம். ஆனா மரம் அவளுது. அந்த மரத்த வெச்சு அவகிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

"தொறக்கல. தொறக்கவே மாட்டேன்" என்றார் தீர்த்தகிரி.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றித் தொலைத்தார் பாருங்கள், எட்டு வருஷம்.

மாசி பிறந்தால் அருணா வந்துவிடுவாள். அமிர்தி வழியாக வருகிற முதல் பஸ்ஸில் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல், பொதுவழியில் நடந்து வந்து நேரே நிழலுக்குள் நுழைவாள். பழனி என்கிற மரமேறி மேலே ஏறி உலுக்குவான். அம்மாக்கண்ணு தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு ஓடுவாள். உலுக்கி முடிக்க ஆகிற இரண்டு நாளும் அம்மாவும் பெண்ணும் புளி பொறுக்கிக்கொண்டே பேசுகிற பேச்சு, அடேயப்பா, ஒரு வருஷத்துப் பேச்சு. தீர்த்தகிரிக்கு அந்த இரண்டு நாளும் பக்கத்தில் கல்லை அடுக்கி எழுப்பிய கல்கட்டின் பின்னால்தான் வேலை இருக்கும். என்ன வேலை என்று கேட்டால் எரிந்து விழுவார். அங்கே குந்திக்கொண்டு, அவள் சிரிக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். இளைத்திருக்கிறாளா என்று கல் இடுக்கு வழியாகப் பார்ப்பார். கோபமெல்லாம் முதல் மாசியிலேயே வடிந்துவிட்டது. அதற்கப்புறம் இருந்தது வெட்கம். தண்ணீர் சொட்டச் சொட்ட ஊர் நடுவில் நின்று சொன்னவன், எந்த முகத்தோடு போய் வா என்று கூப்பிடுவது? அதனால் என்ன, அடுத்த மாசியில் வரப்போகிறவள்தானே என்று தள்ளிப்போட்டார். வரச்சொல்ல வேண்டிய வேலையை மரம் பார்த்துக்கொண்டது.

அம்மாக்கண்ணு செத்த அன்றைக்கும் அருணா அந்த மரத்தடியில்தான் வந்து நின்றாள். வீட்டுக்குள் வரவில்லை. பாடையைச் சுமந்தவர்கள், யாரும் சொல்லாமலே, சுடுகாட்டு வழியை விட்டுத் திரும்பிப் போய் அந்த நிழலில் பாடையை இறக்கினார்கள். அருணா அம்மா மேல் விழுந்து அழுதாள். நெருப்புச் சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த தீர்த்தகிரி நின்றார், ஆனால் திரும்பவில்லை. சட்டியின் சூட்டில் கை கொப்பளித்துப் போகும்வரை அப்படியே நின்றார்.

அதற்கடுத்த மாசியில் சோறு எடுத்துக்கொண்டு ஓட ஆளில்லை. அவரே விடியற்காலையில் எழுந்து சாமைச்சோறு ஆக்கினார், மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தார். களி கிண்டுவதைத் தவிர, ஆயுளில் முதல் சமையல். இன்னொருத்தருக்கு ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது என்பது அம்மாக்கண்ணுவின் சட்டம். ருசியை அவள் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இவரும் ருசி பார்க்கவில்லை. தூக்குப்போசியைக் கொண்டுபோய் மரத்தடிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, பஸ் வருவதற்குள் கல்கட்டின் பின்னால் போய்விட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தார். தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால் உள்ளே இரண்டு கை கொட்டை எடுத்த புளி. அந்தப் புளியை அவர் கரைக்கவே இல்லை. துணியில் முடிந்து பெட்டியில் வைத்துக்கொண்டார். நம்ம சமையலும் தேவலை போலிருக்கிறது என்று ஒரு வாரம் தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டார், பாவம்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம்தான். அதற்குள் காற்று வந்துவிட்டது.

மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. சிவசங்கரி ஸ்கூட்டியில் வந்து வீடு வீடாகச் சேதம் எழுதினாள். சின்ன வயசுப் பெண், பொறுமையாக எல்லாரிடமும் கேட்டு எழுதினாள். பொதுவழியில் கிடந்த மரத்தைப் பார்த்து, "இந்த மரம் யாருதுங்க?" என்றாள்.

"என் பொண்ணுது" என்றார் தீர்த்தகிரி.

சுந்தரம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எட்டு வருஷத்தில் தீர்த்தகிரியின் வாயிலிருந்து 'பொண்ணு' என்கிற சொல் வந்து ஊர் கேட்டதில்லை.

"பொண்ணு பேருங்க?"

"அருணா."

"நெலம் உங்க பேர்லதானங்க இருக்குது? அப்ப மரத்தையும் உங்க பேர்லதான் எழுதணும்."

"அப்டி எழுதாதம்மா. நெலம் என்னுது. மரம் அவளுது. வேணும்னா இந்த ஊர்ல யாரையாச்சும் கேட்டுக்க."

சிவசங்கரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். "பெருசா சேதம் ஒன்னும் இல்லீங்க. நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்று ராத்திரியிலிருந்து தீர்த்தகிரி அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். பாதி வேர் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். டேங்கிலிருந்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம். அறுபத்திரண்டு வயசில் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு நடந்தார். ஊர் பார்த்துச் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

"ஏண்டா, ஜேசிபி வெச்சுத் தூக்கி நிறுத்துனா நிக்காது?" என்று கோகுல்ராஜிடம் கேட்டார்.

"அம்மாம் பெரிய மரம் பெரிப்பா. ஆணிவேரே அறுந்து கீது. எங்க நிக்கப்போவுது?"

"கேட்டேன், அவ்ளோதான்."

இலையெல்லாம் பழுத்து உதிர்ந்தது. பதிமூன்றாம் நாள் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "தீர்த்தகிரி, பொம்பளைங்க கொடத்தத் தூக்கிக்கினு ஊரச் சுத்திப் போறாங்க. உன் பொண்ணுக்குச் சொல்லியனுப்பு. அவ வந்து வெட்டு வெச்சாத்தான் வழிய தொறக்க முடியும்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "இந்தக் கட்டையும் போயிட்டா அவளுக்கு இந்த ஊர்ல காலு வெக்க இடம் இல்ல. தெரியுமில்ல? அன்னிக்கு வாயத் தொறக்காதன்னு நான் சொன்னது மரத்துக்கு மட்டுந்தான்டா. மொத்தமா ஊமையாப் போவச் சொல்லல."

தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லத் தெரியாமலா இருக்கிறது அவருக்கு? எல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன.

சாயங்காலம் கோகுல்ராஜைக் கூப்பிட்டார். "அதுக்குப் போன் போடு. மரம் சாஞ்சிடுச்சு, கட்டைய வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு."

"அவ்ளோதானா பெரிப்பா?"

"அவ்ளோதான்."

கோகுல்ராஜ் பொல்லாதவன். ஸ்பீக்கரில் போட்டான். நாலு தடவை மணி அடித்த பிறகு அருணா எடுத்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"என் மரமா?"

"ஆமாக்கா."

"வூடு இன்னாச்சு? அப்பாக்கு அடி கிடி படலியே?"

கோகுல்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். தீர்த்தகிரி இல்லை என்று தலையாட்டினார். "இல்லக்கா, பெரிப்பா நல்லாத்தான் கீறாரு."

"அவரு வேற எதுனா சொன்னாரா?"

போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினான் பையன். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தான்! கடைசியில் தீர்த்தகிரி கையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"கட்டைய எடுத்துக்கச் சொன்னாருக்கா" என்றான் கோகுல்ராஜ்.

"சரி. ஞாயித்துக்கெழம வர்றோம்."

சனிக்கிழமை ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லை. வீட்டைக் கூட்டினார். காற்றில் எழும்பிய தகரத்தின் மேல் கல் ஏற்றினார். 'வாம்மா, உள்ள வா' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. 'வந்து சாப்புடு' என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் வந்தது. சுவரிடம் யார்தான் பேச மாட்டார்கள். விடியப்போகிற நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மாசியில் சோறு வைத்தோமே, அவள் சாப்பிட்டாளே, புளி வைத்துவிட்டுப் போனாளே. அதேபோல இன்றைக்கும் வைத்துவிட்டால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும், நாம் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அடுப்பைப் பற்றவைத்தார். அதே சாமைச்சோறு, அதே மொச்சைக்கொட்டைக் குழம்பு. தூக்குப்போசியைக் கொண்டுபோய் அதே கல்லின் மேல் வைத்தார். போய்க் கல்கட்டின் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மனுஷர் செய்த தப்பைத் தப்பென்று சொல்ல வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. மேல்கொட்டாயில் ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வெற்றிவேலின் லோடு வண்டி ஒன்பது மணிக்கு வந்தது. மெஷின் ரம்பத்தோடு இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். அருணா இறங்கினாள். பொதுவழியில் நடந்து வந்தாள். ஒவ்வொரு மாசியிலும் எந்த இடத்தில் வழியைவிட்டு நிலத்துக்குள் காலெடுத்து வைப்பாளோ, அந்த இடம் வந்ததும் நின்றாள். நிழல் இல்லை. வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. மரத்தின் தலை வழியில் கிடந்ததால் கத்தியை வாங்கி அங்கேயே, கொம்பின் மேல், முதல் வெட்டு வைத்தாள். குனிந்து அந்தக் கொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் ஓரமாகப் போய் நின்றாள்.

ரம்பம் கத்த ஆரம்பித்தது. ஆட்கள் நிலத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வெற்றிவேலும் கட்டை தூக்கினான். அவள் மட்டும் வழியிலேயே நின்றாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. ஏன் உள்ளே வராமல் வெயிலில் நிற்கிறாள் என்று தீர்த்தகிரிக்கு எரிச்சலாக வந்தது. மற்ற மரத்து நிழல்தான் ஐந்து இருக்கிறதே.

ரம்பத்தை நிறுத்திய நேரத்தில் பேச்சு காதில் விழுந்தது.

"கல்லு மேல சாப்பாடு வெச்சிருக்காங்க அருணா" என்றான் வெற்றிவேல்.

"பாத்தேன்."

"எடுத்துக்கினு வரட்டா? காலையிலேர்ந்து ஒன்னும் சாப்புடல நீ."

"வேணாம்."

"உனுக்குத்தானே வெச்சிருக்காரு."

"மரம் இருந்தா அது என் எடம், நானே போய் எடுத்துத் தின்னுட்டு வருவேன். இப்ப அது அவரு நெலம். தலமுழுகுன வூட்டு நெலத்துல கூப்புடாம கால் வெக்கக் கூடாது. கூப்புட்டா போறேன்."

"கூப்புடுவாரா?"

"தெர்ல. நின்னு பாக்கிறேன்."

கல்கட்டின் பின்னால் தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் வெயிலில் நிற்பது கட்டைக்காக இல்லை. ஒரு சொல்லுக்காக நிற்கிறாள்.

எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது. கல்கட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒளியாமல், அவள் பார்க்க நடந்து வந்தார். அருணா முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். அவள் முன்னந்தலையில் இரண்டு மூன்று நரை இருந்தது. கல் இடுக்கு வழியாக அதெல்லாம் தெரிந்ததில்லை. முப்பத்திரண்டு வயசுக்கு நரையா? பத்தடி தூரத்தில் நின்றார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வா என்று சொல்ல வேண்டும். ஓர் எழுத்து. ராத்திரியெல்லாம் சுவரிடம் சொன்ன எழுத்து.

ரம்பக்காரர்கள் பார்த்தார்கள். வெற்றிவேல் கட்டையைத் தோளில் வைத்தபடி நின்றான். தூரத்தில் சுந்தரம்மாளும் இன்னும் நாலு பேரும் குடத்தோடு நின்றார்கள். அத்தனை பேரும் தன் வாயைப் பார்ப்பதை உணர்ந்ததும், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற அந்த ஆள் அவருக்குள்ளிருந்து எழுந்து வந்து குறுக்கே நின்றுகொண்டான்.

"கட்டைய..." என்றார். "கட்டைய நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு. எறக்கத்துல சரியும்."

அருணா முந்தானையை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

சின்ன வயசில் 'ப்பா, நீ வா, போ' என்று தோளில் ஏறிக்கொண்டு பேசினவள் அவள். கடைக்காரரிடம், கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி 'சரிங்க' என்று சொன்னாள். சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பி நடந்தாள். தீர்த்தகிரி அங்கேயே நின்றார்.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. வேர்க்கட்டையைக்கூடத் தோண்டி ஏற்றிவிட்டார்கள். வெற்றிவேல் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக் கட்டினான். மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டான். அவன் என்னதான் செய்வான். வண்டி கிளம்பியது. அருணா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி அந்தக் கல்லை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வளைவு வந்துவிட்டது.

வழி திறந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு நேரே நடந்து போனார்கள்.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு தீர்த்தகிரி வாயைத் திறந்தார். "வாம்மா" என்றார். "உள்ள வந்து சாப்புடு."

என்ன தெளிவாக வந்தது! கோகுல்ராஜ் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தான். "பெரிப்பா, அக்கா அமிர்தி தாண்டியிருக்க மாட்டாங்க. போன் போடட்டா? வண்டியத் திருப்பச் சொல்லட்டா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

"போன்ல இன்னாடா சொல்றது. அவ வெயில்ல நின்னா, நான் பாத்துக்கினு நின்னேன்" என்றார்.

கோகுல்ராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தீர்த்தகிரி கல்லுக்குப் பக்கத்தில், மரம் இருந்த பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். தூக்குப்போசியைத் திறந்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவளுக்கு வைத்த சோற்றை மண்ணில் கொட்ட மனசு வரவில்லை. குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

உப்பு இல்லை.

சோற்றில் இல்லை, குழம்பிலும் இல்லை. மறந்துபோய்விட்டேனா என்று யோசித்தார். மறக்கவில்லை, வீட்டில் உப்பே கிடையாது. அம்மாக்கண்ணு செத்த ஐப்பசி மழையில் சாடியிலிருந்த உப்பு நீர்த்துப் போனதும், சாடியைக் கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்தவரே அவர்தான். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு அவர் உப்பு வாங்கியதே இல்லை. தனக்குக் களி மட்டும் கிண்டிக்கொண்டு, சுந்தரம்மாள் வீட்டுக் குழம்பைத்தான் ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறார்.

வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மாசியில் வைத்ததும் இதே சோறு, இதே குழம்பு. அன்றைக்கு அவள் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள்.